ஏற்றத்தில் திணறும் பழைய மாருதி: எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்

நவம்பர் 18, இரவு 9.05
கோத்தகிரியிலிருந்து வந்த கேள்வி:

"அப்பா ஓட்டிய 1996 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வண்டி. மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடுகிறது. ஊருக்குத் திரும்பும்போது குஞ்சப்பனை தாண்டியதும் இழுவை குறைந்துவிடுகிறது, இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து வருகிறேன். போதாததற்கு, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு கணம் செத்துவிட்டுப் பிறகுதான் பிடிக்கிறது. உள்ளூர்ப் பட்டறையில் கம்ப்ரஷன் பார்த்தார்கள்: 132, 130, 133 பவுண்டு. வேக்குவம் 13 அங்குலம். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். பிரிக்கலாமா, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?"

நவம்பர் 18, இரவு 9.50
இரண்டும் வேண்டாம். மீட்டர் காட்டிய எண்கள் எஞ்சினின் நோயைச் சொல்லவில்லை, கோத்தகிரியின் உயரத்தைச் சொல்கின்றன. உங்கள் ஊர் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் அங்கே மிச்சம். சிலிண்டர் இழுக்கும் காற்றே குறைவு என்றால் அதை அழுத்தி வரும் எண் மட்டும் எப்படிக் கூடும்? சென்னையில் 165 காட்டும் எஞ்சின் கோத்தகிரியில் 132, 133 என்றுதான் காட்டும்.

எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பைக் காட்டும் வேக்குவமும் அப்படித்தான். ஆயிரம் அடி ஏறினால் தோராயமாக ஓர் அங்குலம் குறையும். ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, 18 முதல் 21 வரை இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருப்பது சமவெளிக்கு. உங்களுக்கு 12 முதல் 15 வரை வந்தால் போதும். 13 வந்திருக்கிறது, முள்ளும் நடுங்கவில்லை என்றால் அது நல்ல எஞ்சின்.

கம்ப்ரஷனில் பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்குள் இருக்கும் வித்தியாசம். உங்களுக்கு மூன்று பவுண்டுதான். தேய்மானம் இப்படி மூன்று சிலிண்டருக்கும் அளந்து பங்குபோட்டாற்போல் வருவது அபூர்வம். சந்தேகம் தீராவிட்டால் பிளக் துவாரம் வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் நன்றாக ஏறினால் ஆயில் இடைவெளியை அடைத்திருக்கிறது, ரிங் தேய்ந்திருக்கிறது. அசையாவிட்டால் ரிங்கைப் பற்றிய பேச்சை அத்தோடு விட்டுவிடலாம்.

நவம்பர் 18, இரவு 10.15
விட்டுப்போனது: சைலன்சரில் நீலப்புகை வருகிறதா? ஆயில் குறைகிறதா? இரண்டும் இல்லையென்றால் பட்டறைக்காரரிடம் மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்து வந்துவிடுங்கள்.

நவம்பர் 19, காலை 6.30
இரவு படுத்த பிறகும் இதுவே ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் ஒரே புகாராகச் சொன்னதில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. மிதித்தவுடன் ஒரு கணம் சாவது ஒன்று. நீண்ட ஏற்றத்தில் இழுவை இல்லாதது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம், இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றாகக் கட்டிவைத்துத் தேடினால் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரில் போய்த்தான் நிற்போம். மலையில் எந்தப் பழைய வண்டி திணறினாலும் முதல் அடி கார்புரேட்டருக்குத்தான் விழும்.

இன்னொன்றும் இடிக்கிறது. 796 சிசி எஞ்சின், சமவெளியிலேயே அதன் திறன் நாற்பது குதிரையை எட்டாது. கோத்தகிரியில் அதில் ஐந்தில் ஒரு பங்கை மலை எடுத்துக்கொள்ளும். அது தவிர்க்க முடியாத வரி. ஆனால் அந்த வரி வளைவுக்கு வளைவு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கப்படும். குஞ்சப்பனையில் செக்போஸ்ட் வைத்து மொத்தமாக வசூலிக்காது. "குஞ்சப்பனை தாண்டியதும்" என்று அத்தனை திட்டமாகச் சொல்கிறீர்களே, அங்கே என்ன நடக்கிறது?

நவம்பர் 19, பிற்பகல் 2.20
மேட்டுப்பாளையத்துப் பெரியவர் ஒருவர் "வேப்பர் லாக், வேறென்ன? பெட்ரோல் பம்பில் ஈரத்துணி சுற்றச் சொல்லுங்கள்" என்கிறார். ஐயா, அந்த ஈரத்துணியில் எனக்கும் பங்கு உண்டு. என்னிடம் இருப்பது பிரீமியர் பத்மினி. ஏப்ரல், மே மாதங்களில் கல்லாறு தாண்டிப் பர்லியார் வரை சுற்றுலா வண்டிகளுக்குப் பின்னால் முதல் கியரில் நகரும்போது பானெட்டுக்குள் சூடு ஏறும். உயரம் கூடக் கூடப் பெட்ரோல் ஆவியாகும் வெப்பநிலையும் இறங்கும். பம்ப் திரவத்தைத் தள்ளுவதற்குப் பதில் ஆவியை மென்றுகொண்டிருக்கும், வண்டி நின்றுவிடும். கோணித்துணியை நனைத்துப் பம்பின் மேல் போட்டுவிட்டு, குரங்குகளுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காத்திருப்போம்.

ஆனால் வேப்பர் லாக் வந்தால் வண்டி இழுவை குறைந்து ஊர்ந்துகொண்டே ஊர் வந்து சேராது. குலுங்கும், நிற்கும், ஆறினால் கிளம்பும். இது நவம்பர் வேறு. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் விடாமல் பெய்கிற மாதம். பம்பை நனைக்கத் துணியே வேண்டாம்.

நவம்பர் 19, இரவு 8.40
கோத்தகிரி நண்பருடைய பதில் வந்துவிட்டது. மிதித்தவுடன் சாவது மேட்டுப்பாளையத்திலும் இருக்கிறதாம், அங்கே அவ்வளவாகத் தெரியவில்லையாம். மெதுவாக மிதித்தால் வருவதில்லை. நீலப்புகை இல்லை. ஆயில் குறையவில்லை. குஞ்சப்பனைக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

முதல் புகாருக்கு இது போதும். மெதுவாக மிதித்தால் இல்லை, சட்டென்று மிதித்தால் உண்டு என்றால் ஆக்சிலரேட்டர் பம்பைத்தான் பார்க்க வேண்டும். திடீரென்று திராட்டில் (கார்புரேட்டரின் காற்றுக் கதவு) திறக்கும்போது காற்று உடனே பாய்ந்துவிடும், பெட்ரோல் கொஞ்சம் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தச் சின்னப் பம்ப் ஒரு பீச்சல் பீச்சுகிறது. அதன் ரப்பர் விறைத்துப்போனால் பீச்சல் இருக்காது.

சோதிக்கும் முறை: எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றுங்கள். பீடி, சிகரெட் யாரும் பக்கத்தில் வரக்கூடாது. டார்ச் அடித்துக் கார்புரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். கையால் திராட்டில் கம்பியைச் சட்டென்று இழுங்கள். பக்கவாட்டில் இருக்கும் ஊசி மாதிரிக் குழாயிலிருந்து பெட்ரோல் நூல் போல, நேராக, அந்தக் கணமே பாய வேண்டும். தாமதித்து வந்தாலும் சுவரோடு வழிந்தாலும் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். ஒருமுறை பார்த்துவிட்டு, கொஞ்சம் நேரம் விட்டு மறுபடி இழுங்கள். உடனே உடனே இழுத்தால் உள்ளே பெட்ரோல் சேர்ந்திருக்காது.

நவம்பர் 22, மாலை 5.15
பார்த்துவிட்டார். நூல் வரவில்லை. குழாய் முனையில் ஒரு சொட்டுத் திரண்டு, தொங்கி, விழுந்ததாம். கோயம்புத்தூரிலிருந்து பழுதுநீக்கும் கிட் வரவழைத்து ரப்பர் சாமான்களை மாற்றிவிட்டார்கள். பழைய ரப்பர் விரலால் வளைத்ததும் விரிசல் காட்டியதாம். இப்போது சட்டென்று மிதித்தாலும் எஞ்சின் சாவதில்லை.

இழுவை? அப்படியே இருக்கிறது. நல்லது. இரண்டு புகார் என்று பிரித்துப் பார்த்தது வீண்போகவில்லை.

நவம்பர் 22, இரவு 9.30
ரப்பர் என்றதும் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பற்றிய பேச்சு வந்துவிட்டது. எதிர்பார்த்ததுதான். 2022இல் பத்து சதவீதக் கலப்பு, 2025இல் இருபது. 1996ஆம் ஆண்டு வண்டியின் டியூப், வாஷர், டயஃப்ரம் எதுவும் இருபது சதவீத எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. சில ரப்பர் உப்பும், சில வெடிப்பு விடும். டேங்கின் அடியில் பல வருடம் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். ஈரத்தையும் இழுக்கும். ஆகவே பழைய வண்டிக்காரர்கள் பெட்ரோல் டியூப் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. அடைந்த ஃபில்டர் ஐட்லிங்கில் ஒன்றும் காட்டாது. முழு மிதியில், நீண்ட ஏற்றத்தில்தான் பட்டினி தெரியும்.

அதையும் ஊகிக்க வேண்டியதில்லை. திணறும் இடத்திலேயே ஓரம் கட்டி, பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்குக்குக் காற்றுப் போகும் வழி அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்தி வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினால் உறுதியாகிவிடும். அது இல்லையென்றால் ஃபில்டர். அதுவும் இல்லையென்றால் கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு, ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்ற, பம்ப் எவ்வளவு அள்ளிக் கொட்டுகிறது என்று பாருங்கள். பொறி எங்கும் பறக்காதபடி, இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் தரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை அலட்சியம் செய்து புருவம் கருகியவர்களை எனக்குத் தெரியும்.

நவம்பர் 24, காலை 7.10
ஈரோட்டு வாசகர் ஒருவர் என் ஐந்தில் ஒரு பங்குக் கணக்கைக் கேள்வி கேட்டிருக்கிறார். குளிர்காற்று அடர்த்தியானது ஆயிற்றே, அதைச் சேர்த்தீர்களா என்கிறார். நியாயமான கேள்வி. அழுத்தத்தை மட்டும் சொன்னேன். மேட்டுப்பாளையத்தில் 33 டிகிரி, கோத்தகிரியில் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால் குளிர் ஆறு சதவீதம் திருப்பிக் கொடுக்கிறது. மேட்டுப்பாளையமும் கடல்மட்டத்தில் இல்லை, முந்நூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது. இரண்டையும் கழித்தால் அந்த ஊருக்கும் கோத்தகிரிக்கும் இடையே உண்மையில் இழப்பது பத்து சதவீதத்தை ஒட்டித்தான் வரும். அதாவது மலையின் தலையில் போடக்கூடிய பழி நான் சொன்னதைவிடக் குறைவு, வண்டியில் தேட வேண்டியது அதிகம்.

நவம்பர் 24, பிற்பகல் 1.00
கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துவாரமான மெயின் ஜெட்டைச் சின்னதாக்கச் சொல்லி மூன்று பேர். பழைய மலை வழக்கம் அது. கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. பெட்ரோலை ஏறக்குறைய அதே அளவில் விட்டுக்கொண்டிருக்கும். கோத்தகிரி உயரத்தில் கலவை சுமார் பத்து சதவீதம் கொழுத்துவிடும், பிளக் முனை கரி பிடிக்கும். 120 எண் ஜெட் இருந்த இடத்தில் 115 போட்டால் சரியாகும் என்பது கணக்கு.

ஆனால் கணக்கை இப்போது மாற்றிப் போட வேண்டும். எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும். இருபது சதவீதம் கலந்த பெட்ரோல், பழைய ஜெட்டில் சுமார் எட்டு சதவீதம் மெலிந்த கலவையைத் தரும். உயரம் பத்து கூட்டுகிறது, எத்தனால் எட்டு கழிக்கிறது. மலை வண்டிக்காரர்களுக்கு அரசாங்கமே ஜெட் மாற்றிக் கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், டியூப் மாற்றும் செலவு நம்முடையது. ஜெட்டையும் சின்னதாக்கிவிட்டு இதே வண்டியில் மேட்டுப்பாளையம் இறங்கினால் கலவை மிகவும் மெலிந்து எஞ்சின் சூடாகும், டொக்டொக்கென்று தட்டும். கை வைக்காதீர்கள். முதலில் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் விட்டுவிடுங்கள்.

நவம்பர் 26, இரவு 10.05
ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவிலிருந்து ஒருவர் எழுதியது இந்த இழையில் சேருமா தெரியவில்லை, ஆனால் விஷயம் சுவையானது. அவருடையதும் பழைய கார்புரேட்டர் வண்டி. அதிகாலையில் கிளம்பினால் முதலில் நன்றாக ஓடுகிறது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இழுவை விழுகிறது, ஐட்லிங் நிலைக்கவில்லை. ஓரம் கட்டிவிட்டுப் பட்டறைக்குப் போன் செய்து முடிப்பதற்குள் தானாகச் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் வரும்போது வண்டி உத்தமனாக நிற்கிறது.

கார்புரேட்டரில் பனிக்கட்டி. சிரிக்காதீர்கள். பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். வெளியே ஐந்து, பத்து டிகிரி இருந்தாலும் கார்புரேட்டரின் தொண்டை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். மூடுபனியின் ஈரம் அங்கே கட்டியாக உறைந்து வழியை அடைக்கும். எஞ்சினை நிறுத்தியதும் அடியிலிருந்து சூடு ஏறி உருகிவிடும், தடயமே இருக்காது. வறண்ட கடுங்குளிரைவிட ஈரமான குளிர்தான் இதற்குத் தோது. உறைபனி விழும் காந்தல், தலைக்குந்தாவில் வராமல் எங்கே வரும்? பழைய கார்கள் பலவற்றில் ஏர் ஃபில்டருக்குச் சைலன்சர் மேனிஃபோல்டின் பக்கத்திலிருந்து சூடான காற்று கொண்டுவரும் குழாய் ஒன்று இருக்கும். சமவெளி மெக்கானிக்குகள் அதை வேண்டாத சாமான் என்று கழற்றி எறிந்திருப்பார்கள்.

கோத்தகிரி நண்பருக்கு இது அல்ல. அவர் வண்டி பகலிலும் திணறுகிறது.

நவம்பர் 27, காலை 6.45
எண்ணெய்க்கடையில் நின்றபோது தோன்றியது, மறப்பதற்குள்: பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில், பொறி விழும் நேரத்தைச் சரிசெய்யும் வேக்குவம் டயஃப்ரம். டியூபைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பிடித்து நின்றால் நல்லது, காற்று வந்துகொண்டே இருந்தால் கிழிந்திருக்கிறது. அது போனால் பாதி மிதியில் மந்தம். முழு மிதியில் அதற்கு வேலையில்லை, எனவே உங்கள் புகாருக்கு முழு விடை ஆகாது. பார்த்துவைப்பதில் நஷ்டமில்லை.

அடைந்த சைலன்சரையும் வேக்குவம் மீட்டரே சொல்லிவிடும். எஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து நிறுத்துங்கள். முள் அங்கேயே நின்றால் வழி திறந்திருக்கிறது. மெல்ல மெல்ல இறங்கினால் புகை வெளியேற முடியவில்லை.

நவம்பர் 29, இரவு 7.30
டேங்க் மூடியில் 'புஸ்' இல்லை. ஃபில்டர் புதிது. பம்ப் தாராளமாகக் கொட்டுகிறது. பிளக் மூன்றும் பிஸ்கட் நிறம். டயஃப்ரம் பிடித்து நிற்கிறது. முள் இறங்கவில்லை. "எல்லாம் சரி என்றால் வண்டி ஏன் ஏறவில்லை ஐயா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்கிறார். கோபம் நியாயம்தான்.

தம்பி, எஞ்சின் சரியாக உழைக்கிறது என்றால் அந்த உழைப்பு சாலைக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கேள்வி. ஏற்றத்தில் மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி வேகம் ஏறாமல் இருக்கிறதா? இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. இல்லை, சத்தமும் அமுங்கி வண்டியும் அமுங்குகிறதா? அப்படியானால் எதுவோ பிடித்து இழுக்கிறது.

பிறகு என் பழைய கேள்வி. குஞ்சப்பனையில் என்ன செய்கிறீர்கள்?

நவம்பர் 29, இரவு 8.10
"சத்தமும் அமுங்குகிறது. குஞ்சப்பனையில் ஒன்றும் செய்வதில்லை, டீ குடிப்பேன், அவ்வளவுதான்."

நவம்பர் 29, இரவு 8.15
டீ குடிக்க வண்டியை ஏற்றத்தில் நிறுத்துவீர்கள். நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை இழுப்பீர்கள். அப்பா சொல்லிக்கொடுத்திருப்பார், மலையில் பிறந்தவர்கள் எல்லாரும் கடைசிப் பல் வரை இழுக்கிறவர்கள்தான். நான் இழுத்துவிட்டு இன்னும் ஒருமுறை இழுப்பேன்.

நாளை இதைச் செய்யுங்கள். குஞ்சப்பனையில் வழக்கம்போல் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டீ குடித்துவிட்டு ஏறுங்கள். அரவேணு வந்ததும் கால் பிரேக்கை முடிந்தவரை தொடாமல், கியரிலேயே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும். பின்சக்கரங்களின் இரும்பு ரிம்மில் இருக்கும் துவாரம் வழியாகப் பிரேக் டிரம்மின் மேல் சில சொட்டு விடுங்கள், இரண்டு பக்கமும். விரலை வைத்துப் பார்க்காதீர்கள்.

நவம்பர் 30, பகல் 12.40
அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "இடது பக்கம் ஈரமாகி நின்றது. வலது பக்கம் விட்டவுடன் சுரீர் என்று ஆவியாகிவிட்டது. ரப்பர் தீய்ந்த மாதிரி ஒரு வாடை. வண்டியை நியூட்ரலில் விட்டுத் தள்ளிப் பார்க்கலாம் என்றால் அரவேணுவில் சமதரை எங்கே இருக்கிறது ஐயா?"

சமதரை கிடைக்காத ஊரில் பிறந்தால் இதுதான் கஷ்டம். தள்ள வேண்டாம், சுரீர் போதும்.

நவம்பர் 30, மாலை 4.20
நடப்பது இதுதான். ஹேண்ட் பிரேக் கேபிள் ஒரு உறைக்குள் ஓடுகிறது. மழைத்தண்ணீர் உறைக்குள் இறங்கி உள்ளே துருப்பிடிக்கிறது. இழுக்கும்போது உங்கள் கைபலத்தில் போய்விடும். விடும்போது அதைத் திருப்பி இழுக்க டிரம்முக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் மட்டும்தான், அதற்குத் துருவை வெல்ல முடியவில்லை. லிவர் கீழே இறங்கிவிட்டது, விளக்கு அணைந்துவிட்டது, பிரேக் ஷூ மட்டும் டிரம்மை விடவில்லை. மேட்டுப்பாளையத்தில் சமதரையில் நிறுத்துகிறீர்கள், ஹேண்ட் பிரேக்கை அங்கே சீந்துவதில்லை. இறக்கத்தில் பிடித்தாலும் தெரியாது, நல்ல கட்டுப்பாடு என்று நினைத்திருப்பீர்கள். ஏற்றத்தில், எஞ்சினிடம் உபரியாக ஒன்றும் இல்லாத இடத்தில்தான் குட்டு வெளிப்படுகிறது.

கேபிள் இரண்டையும் மாற்றுங்கள், வலது மட்டும் போதாது. டிரம்மைக் கழற்றி ஷூ, சிலிண்டர், ஸ்பிரிங் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். அத்தனை சூட்டில் வீல் பேரிங் கிரீசும் உருகி ஓடியிருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

டிசம்பர் 4, இரவு 9.00
கேபிள் மாற்றியாகிவிட்டது. மூன்றாவது கியரில் அரவேணு ஏறுகிறதாம். இரண்டாவதுக்கு வருவது வளைவுகளில் மட்டும்.

"இனி ஹேண்ட் பிரேக்கே போடாமல் கல் வைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். கூடாது. போடாத கேபிள் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ், வண்டி உருண்டாலும் ஓரத்துத் திட்டில் முட்டி நிற்கும்படி முன்சக்கரத்தைத் திருப்பி, ஹேண்ட் பிரேக்கை அளவாக இழுங்கள். விடிய விடிய மழையில் நிற்கப்போகிறது என்றால் மட்டும் கியரும் கட்டையும் வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி வையுங்கள். கட்டை என்றால் மரக்கட்டை. வைத்த கல்லை நடுரோட்டிலேயே விட்டுப்போகிறவர்களைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.

டிசம்பர் 5, காலை 6.20
தலைக்குந்தா நண்பருக்கு: சூட்டுக்குழாய் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நினைத்தபடிதான். குழாய் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை இழுவை விழுந்தவுடன் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, போனைத் தொடாமல் நேராக ஏர் ஃபில்டரைக் கழற்றி டார்ச் அடியுங்கள். இரண்டு நிமிடம் தாமதித்தாலும் ஒன்றும் பார்க்க முடியாது. வெள்ளையாகத் தெரிந்தால் முதலில் போட்டோ எடுங்கள், பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.